புது சுவிட்சு, பழைய வயர்!

பொங்கல் வருகிறது என்றால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். கல்யாணம் வருகிறது என்றால் வர்ணம் பூசுகிறார்கள். ஓடு உடைந்தால் மாற்றுகிறார்கள். கதவு ஆடினால் தச்சரைக் கூப்பிடுகிறார்கள்.

வயர்?

அதை யாரும் பார்ப்பது இல்லை. அது சுவருக்குள் இருக்கிறது. அல்லது பரணுக்கு மேலே, உத்தரத்தின் ஓரமாக, ஒட்டடைக்குள் மறைந்து கிடக்கிறது. பல்பு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. ஆகவே வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இது தப்புக் கணக்கு!

கெட்டுப்போன வயரிலும் பல்பு எரியும். எர்த் இல்லாத வீட்டிலும் விசிறி சுற்றும். ஆபத்து வரும் நாள் வரையில், நல்ல வயரிங்குக்கும் கெட்ட வயரிங்குக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சில வீட்டார் வயரிங்கை மாற்ற முன்வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்களிலும் பலர் என்ன செய்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிவதை மாற்றுகிறார்கள். தெரியாததை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்ட இடத்தில்தான் உயிர் இருக்கிறது!

ஒரு ஆம்பியர் வீடு

சென்னை ராஜ்யத்தில் மின்சார வாரியம் அமைந்தது 1957-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். வீட்டுக்கு வீடு விளக்கு வந்தது.

அந்தக் கால வீட்டில் என்ன இருந்தது? கூடத்தில் ஒரு பல்பு. அடுக்களையில் ஒரு பல்பு. திண்ணையில் ஒன்று, கொல்லையில் ஒன்று. வசதி உள்ளவர் வீட்டில் ஒரு விசிறி.

சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயரை ஓட்டி, சின்னத் தகட்டு கிளிப்புகளால் பிடித்துவைத்தார்கள். அந்த வீட்டுக்கு அந்த வயர் போதுமானது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒரு சாமானின் வாட்டை 230-ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

40 வாட் பல்பு நான்கு, 160 வாட். விசிறி ஒன்று, 70 வாட். ஆக 230 வாட். அதாவது, எல்லாவற்றையும் போட்டாலும் ஒரே ஒரு ஆம்பியர்!

இன்றைக்கு அதே வீட்டில் என்ன இருக்கிறது? 2006-ல் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியைப் பலர் தவணையில் வாங்கினார்கள். வெந்நீருக்கு ஹீட்டர் வந்தது. சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது.

காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். குளியல் அறையில் ஹீட்டர், 2,000 வாட். அடுக்களையில் இண்டக்‌ஷன் அடுப்பு, 2,000 வாட். பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி, 1,000 வாட். சட்னிக்கு மிக்சி, 750 வாட். மொத்தம் 5,750 வாட். அதாவது 25 ஆம்பியர்!

ஒரு ஆம்பியருக்காகப் போட்ட வழியில் இருபத்தைந்து ஆம்பியர் போகிறது. மாட்டு வண்டிக்குக் கட்டிய மரப்பாலத்தில் லாரியை ஓட்டுவது போன்ற காரியம் இது. பாலம் எத்தனை நாள் தாங்கும்?

சூடு பிறக்கும் இடம்

மின்சாரம் போகும்போது வயர் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மின்சாரம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்காகும்!

வயரின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை இந்தச் சூட்டைக் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு விறைத்துப்போகும். பிறகு வெடிக்கும். விரலால் வளைத்தால் உதிரும். உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும். அந்தக் கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டால் நெருப்பு; ஈரச் சுவரைத் தொட்டால் சுவரிலேயே ஷாக்!

வயரைவிட மோசமானது ‘ஜாயிண்ட்’. இரண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். முறுக்கு தளர்ந்தால் அந்த இடம் மட்டும் அடுப்பாகக் காயும். சுவிட்சுப் பெட்டியில் கருகல் வாடை வருவதும், பிளக்கு மஞ்சளாகப் போவதும் பல வீடுகளில் இதனால்தான்.

இன்னொரு சங்கதி. 1960-களிலும் 1970-களிலும் செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் பல வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். அலுமினியம் சூட்டில் விரிந்து, ஆறினால் சுருங்கும். திருகாணியின் பிடி நாளடைவில் தளரும். மேலே ஒரு படலமும் படியும். அந்தப் படலத்தில் மின்சாரம் சரியாகப் போகாது. பழைய அலுமினிய வயரோடு புதிய செம்பு வயரை வெறுமனே முறுக்கிவிட்டால், அந்த ஜாயிண்ட் சீக்கிரமே அரித்துப்போகும்.

அந்த வயரில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை மாற்றுவது சிக்கனம் அல்ல. சிக்கலை விலைக்கு வாங்குவது!

முகத்துக்கு மட்டும் பவுடர்

பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது.

“ஐயா, இந்த வீட்டுல எர்த் கம்பியே இல்லீங்க. கொல்லையில குழி வெட்டி பைப் இறக்கணும்.”

“அதுக்கு எவ்வளவு ஆகும் தம்பி?”

வயர்மேன் தொகையைச் சொல்கிறார்.

“அம்மாடி! இத்தனை வருஷமா எர்த் இல்லாமத்தானே இருந்தோம்? ஒண்ணும் ஆகலையே! அதை அப்புறம் பார்த்துக்கலாம். சுவிட்சு மட்டும் பளபளன்னு புதுசா போட்டுடுப்பா.”

வயர்மேனும் போட்டுவிடுகிறார். பழைய கறுப்பு சுவிட்சுகள் போய், வெள்ளை வெளேர் என்று புதிய சுவிட்சுகள் வருகின்றன. மூன்று துவாரம் உள்ள பிளக்குப் பாயிண்ட் வருகிறது. விருந்தாளிகள் பார்த்து மெச்சுகிறார்கள்.

ஆனால் அந்த மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. துவாரம் இருக்கிறது, கம்பி இல்லை!

இது பழைய வீட்டைவிட மோசம். பழைய சுவிட்சைப் பார்த்தால் பயமாவது இருந்தது. ஈரக் கையோடு தொடாதே என்று பாட்டி குழந்தையை அதட்டினாள். புது சுவிட்சைப் பார்த்ததும் அந்தப் பயம் போய்விட்டது. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

மெயின் பெட்டியிலும் இதே கதைதான். பழைய பியூஸ் அடிக்கடி போகிறது. அதற்குப் பதிலாகப் பெரிய எம்.சி.பி. ஒன்றை மாட்டுகிறார்கள். உள்ளே ஓடுவது அதே மெல்லிய வயர். பியூஸ் போனது ஏன்? வயர் தாங்காது என்று அது எச்சரித்தது. எச்சரித்தவனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால், வயர் எரிவதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

எம்.சி.பி.யின் அளவு வயரைப் பார்த்து முடிவு செய்யவேண்டியது. வீட்டுச் சாமானைப் பார்த்து அல்ல. பெரிய சாமான் வேண்டும் என்றால் முதலில் பெரிய வயர். பிறகுதான் பெரிய எம்.சி.பி.!

மூன்றாவது கம்பி

எர்த் எதற்கு?

கிரைண்டருக்கு உள்ளே ஒரு வயர் நைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது கிரைண்டரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது. இப்போது கிரைண்டர் முழுவதும் மின்சாரம். வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, மாவைத் தள்ளிவிடுகிறாள் வீட்டுக்காரி. மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழி அவள் உடம்பு!

எர்த் கம்பி இருந்தால் மின்சாரத்துக்கு அதைவிட நல்ல வழி கிடைக்கிறது. அது கம்பி வழியாக மண்ணுக்கு ஓடிவிடும். மூன்று முள் பிளக்கில் மேல் முள் மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற இரண்டும் தொடும் முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும். அந்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துவாரத்தில் செருகுகிறவர்கள், உயிரைக் காக்கும் முள்ளைத்தான் உடைக்கிறார்கள். பிளக்கு இல்லாமல் வயரை நேரே துவாரத்தில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறவர்கள் அவர்களுக்கும் ஒரு படி மேலே!

எர்த் போடுகிறேன் என்று சொல்லி ஒரு மோசடியும் நடக்கிறது. குழி வெட்டச் சோம்பல். அதனால் பிளக்குப் பாயிண்டுக்கு உள்ளேயே எர்த் துவாரத்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். அந்த நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், வீட்டில் உள்ள இரும்புச் சாமான் அத்தனையிலும் மின்சாரம் ஏறிவிடும். காவலுக்கு வைத்தவனே திருடன் ஆவது போல!

சிலர் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடியது. இன்றைக்குப் பல வீடுகளில் நடுவே பிளாஸ்டிக் குழாய். மின்சாரம் மண்ணுக்குப் போகாது. குளியல் அறைக் குழாயில்தான் வந்து நிற்கும்!

நல்ல எர்த் என்பது இதுதான். வீட்டுச் சுவரில் இருந்து 5 அடியாவது தள்ளிக் குழி. அதில் சுமார் 8 அடி நீளத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே செங்கல் தொட்டி கட்டி மூடி போடவேண்டும். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றவேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில், எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றினால் என்ன?

கணக்குப்பிள்ளை வேண்டும்

எர்த் போட்டாகிவிட்டது. பியூஸ் இருக்கிறது. போதுமா?

போதாது!

எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கிறது. அதன் தடை 46 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதன் வழியாக 5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. கிரைண்டரில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

இன்னும் ஒன்று. மனித உடம்பைக் கொல்ல ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். பியூசும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்றுவதற்காக வந்தவை. மனிதனைக் காப்பாற்ற வந்தவை அல்ல.

மனிதனைக் காப்பாற்ற ஒரு சாதனம் உண்டு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. அது ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. ஒரு வயரில் போன மின்சாரம் எவ்வளவு, மறு வயரில் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ கசிகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும்.

வீட்டுக்கு வாங்கவேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதாவது ஒரு ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு கசிந்தாலே போதும், அது விழுந்துவிடும்.

ஆனால் அது எம்.சி.பி.யின் வேலையைச் செய்யாது. எம்.சி.பி. இதன் வேலையைச் செய்யாது. இரண்டும் வேண்டும். எர்த்தும் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு வயரையும் தொட்டவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது.

அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பார்க்கவேண்டும். உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அதை மாற்றவேண்டும்.

“இது அடிக்கடி விழுகிறது, தொந்தரவு. அதனால் எடுத்துவிட்டு நேரே கொடுத்துவிட்டேன்” என்று சொல்லும் வயர்மேன்கள் உண்டு. அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. அல்லது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் வீட்டு லைனின் நியூட்ரலும் கலந்து கிடக்கின்றன. அதைத் தேடிச் சரி செய்வதுதான் வேலை. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதா?

வேலை நடக்கும்போது

படிக்காத பெரியவர்கூட, வேலை நடக்கும்போது சில விஷயங்களைப் பார்க்கலாம், கேட்கலாம்.

வயரின் நிறம் என்ன? மின்சாரம் வரும் வயர் சிவப்பு. திரும்பும் நியூட்ரல் கறுப்பு. எர்த் பச்சை. கையில் கிடைத்த நிறத்தை எல்லாம் போட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்துப் பெட்டியைத் திறக்கும் இன்னொருவர் உயிருக்கு அது எமன்.

சுவிட்சு எந்த வயரில் இருக்கிறது? சிவப்பில் இருக்கவேண்டும். கறுப்பில் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மாட்டும் இடத்தில் மின்சாரம் நிற்கும்.

வயரின் தடிப்பு என்ன? பழைய வயர்மேன்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். மூன்று இழை, ஏழு இழை. இருபதாம் நம்பர் கம்பி என்று அர்த்தம். இப்போது சதுர மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். விளக்கு, விசிறிக்கு 1.5. பெரிய பிளக்குப் பாயிண்டுக்கு 2.5. ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் மெயின் பெட்டியில் இருந்து தனித்தனியாக 4. இதற்குக் குறையாமல் போடுவது நல்ல வழக்கம். எல்லாம் செம்பாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கவேண்டும்.

ஜாயிண்ட் எங்கே இருக்கிறது? திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும். சுவருக்குள் பூசி மறைக்கும் பைப்பில் ஜாயிண்டே கூடாது.

பைப் எப்படிப் போகிறது? நேர் கீழாகவோ நேர் குறுக்காகவோ போகவேண்டும். குறுக்குவழியில் சாய்வாகப் போனால், நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிப்பவர் கை வயரில் படும். பூசும் முன்பே சுவரைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால், பின்னால் அது பெரிய உதவி.

வேலை முடிந்ததும் ‘மெக்கர்’ வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். வயரின் உறை நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். அதையும் அணைத்த பிறகுதான் கை வைக்கவேண்டும்.

யார் செய்யவேண்டும்?

பல்பு மாற்றலாம். பியூஸ் போடலாம். கெட்ட சுவிட்சுக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று மாட்டலாம். அதற்கு மேல் புது லைன் இழுப்பதும் மாற்றி அமைப்பதும், உரிமம் பெற்ற காண்டிராக்டர், சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்யவேண்டிய வேலை. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. 2010-லும் 2023-லும் வந்த புதிய விதிகளிலும் இது தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான உரிமம் கொடுப்பதற்கு என்றே ஒரு வாரியமும் இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? கொத்தனார் கூட்டிவந்த பையன் லைன் இழுக்கிறான். சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்பது இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள், வயரிங்குக்கு மட்டும் யார் என்று கேட்பது இல்லை!

வாடகை வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஷாக் அடிப்பது குடியிருப்பவருக்கு. செலவு செய்யவேண்டியவர் வீட்டுக்காரர். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது அவருக்குச் சுலபம். ஆனால் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வாடகைக்காரருக்குச் செய்யும் சலுகை அல்ல. கூரையும் கதவும் எப்படியோ, இவையும் அப்படி. கதவு இல்லாத வீட்டை யாராவது வாடகைக்கு விடுவார்களா?

பணம் குறைவாக இருந்தால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய எல்லோராலும் முடியாது. உண்மைதான். அப்படியானால் வரிசையாவது சரியாக இருக்கட்டும்.

முதல் பணம் எர்த் குழிக்கும் பச்சைக் கம்பிக்கும். அடுத்த பணம் ஆர்.சி.சி.பி.க்கு, அதன் விலை ஒரு மிக்சியின் விலைக்குள் அடங்கிவிடும். அதற்கு அடுத்தது வயர். உறை உதிர்கிற வயராக இருந்தால், அதைத் தள்ளிப்போடவே கூடாது. கடைசிப் பணம்தான் சுவிட்சுக்கு.

இன்றைக்குப் பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் சுவிட்சு. எர்த் ‘அப்புறம்’. அந்த ‘அப்புறம்’ பல வீடுகளில் வருவதே இல்லை. வருவதற்குள் வேறு ஒன்று வந்துவிடுகிறது.

வருகிற பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஆள் கூப்பிடும் வீட்டார், அதற்கு ஒரு வாரம் முன்னால் சான்றிதழ் உள்ள ஒரு வயர்மேனையும் கூப்பிடட்டும். சுவரை வெட்டவேண்டி இருந்தால் வெட்டி, பூசி, அதன் பிறகு வெள்ளை அடிக்கலாம். பழுப்புச் சுவரோடு ஒரு பொங்கல் போனால் குடும்பத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எர்த் இல்லாமல் ஒரு மழைக்காலம்கூடப் போகக்கூடாது!